முட்டை டீமும் முந்தின மாதமும்

பொம்மனஹள்ளிக்கு மெட்ரோ வந்ததிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவையாவது சும்மா ஏறி ஒரு சுற்று போய் வருகிறேன். வேலை ஒன்றும் இருக்காது. ஏசி இருக்கிறது, இடம் கிடைத்தால் உட்காரலாம், யாரும் நம்மிடம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். என்னைப் போல் கூச்சப்படுகிறவனுக்கு இதைவிட வசதியான வண்டி கிடையாது. ஆனால் கதவு மூடியதும் ஒரு பெண் குரல் வருகிறதே, அதுதான் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. 'முந்தின நில்தாண' என்று ஆரம்பித்து இடத்தின் பெயரைச் சொல்கிறது. நில்தாண என்றால் நிலையம். கன்னடத்தில் முந்தின என்றால் அடுத்தது, இனிமேல் வரப்போவது. தமிழில் முந்தின என்றால் போனது, கடந்துவிட்டது. தமிழ் எழுத்தில் எழுதினாலும் ஒன்றுதான், காதில் விழுந்தாலும் ஒன்றுதான். அர்த்தங்கள் மட்டும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. இத்தனை காலம் பெங்களூரில் இருந்தும் அந்தக் குரலைக் கேட்டால் நான் இன்னும் பின்னால் போன ஸ்டேஷனைத்தான் திரும்பிப் பார்க்கிறேன்.

சில நாட்களுக்கு முன்னால் பூனாவிலிருந்து ஜெயசீலன் போன் செய்தான். எனக்கு உலகத்தில் நண்பன் என்று சொல்ல அவன் ஒருவன்தான். என்னை இன்னும் ஊர்ப் பெயரை வைத்துத்தான் கூப்பிடுவான்.

"ஆம்பூரு, பொண்ணுக்கு அங்க வேல கெடச்சிருக்குடா. கூட்டிகினு வரேன். ரெண்டு நாள் இருப்பேன். உங்க மெட்ரோல ஏறி நம்ம ஃபேக்டரி பக்கம் போலாம். மேல இருந்து பார்த்தா கிரவுண்டு தெரியுமாமே?"

"தெரியும்" என்று சொல்லிவிட்டேன். ஒன்றும் தெரியாது என்பது வேறு விஷயம். என் கவலை கிரவுண்டைப் பற்றியது இல்லை. ஒரு மாதத்தின் கடைசித் தேதியைத் தவறவிட்டதால்தான் தன் வாழ்க்கை பூனாவுக்குப் போயிற்று என்று சீலன் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறான். அவன் தவறவிடவே இல்லை. இந்த ரயிலில் இரண்டு ஸ்டேஷன் போனால் போதும், அந்தக் குரல் அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்துவிடும். அவனைத் தடுக்க எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

போன வியாழக்கிழமை இதையே யோசித்துக்கொண்டு மெட்ரோவில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஓர் அம்மா தன் குழந்தைக்கு டிபன் டப்பாவைத் திறந்தார். உள்ளே அவித்த முட்டை. ரயிலில் சாப்பிடக் கூடாது என்று எழுதியிருக்கிறதே என்று அவருக்கே நினைவு வந்து உடனே மூடிவிட்டார். மூடினால் என்ன, வாசனை வெளியே வந்துவிட்டது. வாசனை என்று நான் சொல்கிறேன். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அது ஹோசூர் ரோட்டில் ஒரு கேன்டீன் காலை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இருபது வயதுக்குமேல் ஆம்பூரிலிருந்து பெங்களூருக்கு வந்து, மின்விசிறி செய்கிற ஒரு ஃபேக்டரியின் கேன்டீனில் சேர்ந்தேன். ஃபேக்டரிப் பெயர் இப்போது எதற்கு, அதுவே இல்லை. அந்தக் காலத்தில் பெரிய ஃபேக்டரிகள் எல்லாவற்றுக்கும் ஒரு ஃபுட்பால் டீம் இருக்கும். விளையாட்டுக்கென்றே ஆள் எடுத்துச் சம்பளம் கொடுப்பார்கள். எங்கள் டீம் லீக் ஆட்டங்களில் அசோக் நகர் ஸ்டேடியத்தில் ஆடும். மற்ற நாட்களில் ஃபேக்டரிக்குப் பின்னால் இருந்த கிரவுண்டில் காலை பிராக்டீஸ். பிராக்டீஸ் முடிந்து வரும் ஆட்டக்காரர்களுக்கு ஆளுக்கு இரண்டு முட்டை, ஒரு டம்ளர் பால். அந்த முட்டைகளை அவித்து உரித்துக் கொடுப்பது என் பொறுப்பு. சூடு ஆறுவதற்குள் உரிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டோடு பாதி முட்டை போய்விடும். என் விரல் நுனிகள் அப்போது மரத்துப்போனவைதான், இன்றைக்கும் கொதிக்கிற டம்ளரைச் சாதாரணமாகப் பிடிப்பேன்.

கோல் போடாமல் வந்தால் முட்டை வாங்கி வந்தான் என்பார்கள் இல்லையா? எங்கள் டீம் கேன்டீனிலும் முட்டை வாங்கும், ஸ்டேடியத்திலும் முட்டை வாங்கும். அதனால் ஃபேக்டரி முழுக்க அதற்கு முட்டை டீம் என்றே பெயர். இன்னொரு கிண்டலும் இருந்தது. "ஃபேன் கம்பெனி டீமு, ஆனா ஒரு ஃபேன் கெடையாது" என்பார் ஃபிட்டர் முனிரத்தினம். அவரே எல்லா ஆட்டத்துக்கும் முதல் ஆளாகப் போய் உட்காருவார்.

அந்த டீமின் சரித்திரம் முழுவதும் பிலோமி அக்காவின் கையில் இருந்தது. பிலோமினா என்று முழுப்பெயர், விவேக் நகர்க்காரர், கேன்டீனில் கூப்பன் கிழிக்கிறவர். அவருடைய கணவர் டீம் ஆரம்பித்த காலத்தில் லெஃப்ட் விங் ஆடியவர். அவர் இறந்த பிறகு அக்காவுக்கு அங்கே வேலை கொடுத்தார்கள். கேன்டீன் வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. அன்றைய டிபன், சாப்பாடு எல்லாம் கன்னடத்தில் எழுதுவார். அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, 'இதே நாளில்' என்று தமிழில் ஒரு வரி. முன்னொரு வருஷம் அதே தேதியில் நம் டீமுக்கு என்ன ஆயிற்று என்று அந்த வரியில் இருக்கும்.

புதிதாக வந்த மேனேஜர் ஒருவர் ஒருமுறை அதைப் பார்த்து இது ஏன் தமிழில் இருக்கிறது என்று கேட்டார். அக்கா சாக்பீஸைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்.

"ஜெயிச்சதெல்லாம் கன்னடத்துல எழுதறேன் சார். தோத்தது நமக்குள்ளயே இருக்கட்டும்."

மேனேஜர் சிரித்துவிட்டுப் போனார். அதன் பிறகு அந்தக் கோட்டுக்குக் கீழே கன்னடம் வந்ததாக எனக்கு நினைவில்லை.

அக்காவுக்குத் தேதிகள் தேதியாக ஞாபகம் இருக்காது. எல்லாம் புனிதர்களின் பெயரில்தான். அந்தோணியார் திருநாளில் ஐந்து கோல் வாங்கினோம். சவேரியார் திருநாளில் பந்து ஆஸ்பத்திரி காம்பவுண்டுக்குள் போய்விட்டது, எடுத்து வரப் போனவர் அங்கேயே ஊசி போட்டுக்கொண்டு வந்தார். குழந்தை இயேசு கோவில் கொடியேற்றத்தன்று மழை, ஆட்டம் பாதியில் நின்றது, 'நிற்கும்வரை நாம் தோற்கவில்லை'. அப்படியே எழுதுவார். ஒரு வருஷம் நம் டீமுக்காக அதிகம் கோல் போட்டவர் யார் என்று ஒரு நாள் எழுதியிருந்தார். யார் யாரோ பெயரை எதிர்பார்த்துப் படித்தோம். எதிர் டீமின் டிஃபென்டர் ஒருவர். பாவம், அவர் காலில் பட்டுப் பட்டு அவர்கள் வலைக்கே போயிருக்கிறது. இன்னொரு கோல் ரெஃப்ரீயின் முதுகில் பட்டுப் போனது. 'ரெஃப்ரீ முதுகு: ஒன்று' என்று கோல் கணக்கில் அதற்குத் தனி இடம் வைத்திருந்தார்.

இதெல்லாம் உண்மையா, அக்காவே கட்டியதா என்று எங்களுக்குள் ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. 'சூசையப்பர் திருநாளில் நம் அணி தோற்றதே இல்லை' என்று எழுதியிருந்த அன்று முனிரத்தினம் தட்டும் கையுமாக நின்று சண்டைக்கு வந்தார்.

"இன்னாக்கா, அன்னிக்கு நாம ஆடினதே இல்லியே?"

"ஆடினாத்தானப்பா தோக்குறதுக்கு? சாம்பார் ஆறுது, போ."

ஒரே ஒரு சட்டம் மட்டும் அக்கா மீறவே மாட்டார். ஒரு வருஷம் ஆகாத ஆட்டம் பலகையில் ஏறாது. நேற்று நடந்ததை எழுதுங்களேன் என்று யார் கேட்டாலும், "சூடு ஆறட்டும்பா, இப்ப எழுதினா சண்ட வரும். அடுத்த வருசம் இதே நாள்ல பாத்துக்கலாம்" என்பார். அடுத்த வருஷம் என்று ஒன்று எப்படியும் வரும் என்ற நம்பிக்கை அந்தக் காலத்தில் எங்கள் எல்லோருக்கும் இருந்தது.

சீலன் அந்த டீமின் கோல்கீப்பர். கோலார் தங்கவயல்காரன். அப்பா சுரங்கத்தில் வேலை செய்தார், தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர். சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த வருஷங்கள் அவை. வீட்டில் இவன் மூத்தவன், கீழே தங்கைகள். நீலசந்திராவில் ஒரு ஷீட் கூரை அறையில் நானும் அவனும் இருந்தோம். நான் அவனுக்கு நேர் எதிர். அவன் நல்ல உயரம், சத்தமாகச் சிரிப்பான், தெருவில் எல்லோரையும் மச்சா என்பான். நான் கடையில் தீப்பெட்டி கேட்கவே இரண்டு முறை தொண்டையைச் செருமுவேன். ராத்திரி சமையல் அவன்தான். முட்டை மட்டும் செய்ய மாட்டான். "காலைல நீ உரிக்கிறதப் பாத்தாலே வயிறு நெறஞ்சிடுதுடா" என்பான்.

சீலனைப் போல சிலர் அப்போது ஸ்டைபண்டில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆடுகிறவரை பணம் வரும், முழங்கால் போனால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மற்றவர்கள் பர்மனென்ட். பர்மனென்ட் என்ற சொல்லை அந்த நாளில் எங்கள் ஆட்கள் சொல்வதைக் கேட்டிருக்க வேண்டும். பெண் பார்க்கப் போனால் பையன் பெயருக்கு முன்னால் அதைத்தான் கேட்பார்கள். ஆட்டம் நின்றுபோனாலும் மெஷின் பக்கத்தில் ஒரு வேலை இருக்கும், அப்பா மாத்திரை நிற்காது, தங்கைகளுக்குக் கல்யாணம் நடக்கும். சீலனுக்கு வேண்டியது அது ஒன்றுதான். லீக் கோப்பையெல்லாம் அவன் கேட்கவில்லை.

எங்கள் இரண்டு பேருக்கும் கன்னடம் சரியாக வராது. தங்கவயலில் தெருவெல்லாம் தமிழ். ஆம்பூரைச் சொல்லவே வேண்டாம். நான் கேன்டீனில் கற்றதெல்லாம் பேக்கா, பேடா, சாக்கு, இன்னும் கொஞ்சம். வேண்டுமா, வேண்டாம், போதும். பரிமாறுகிறவனுக்கு அதற்கு மேல் என்ன மொழி வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

ஒரு மாதம் முழுவதும் டீம் கேரளாப் பக்கம் டோர்னமென்ட்டுக்குப் போயிருந்தது. முட்டை உரிக்கிற வேலை இல்லாமல் எனக்குக் கையே ஓடவில்லை. திரும்பி வந்த வாரத்தில்தான், வருகைப் பதிவு பார்க்கிற டைம் ஆபீஸ் வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்ததைக் கவனித்தோம், எப்போது ஒட்டினார்களோ. கன்னடத்திலும் இங்கிலீஷிலும் இருந்தது, இரண்டும் எங்களுக்குப் படிக்க வராது. ஸ்டைபண்டில் இருக்கிற ஆட்டக்காரர்கள் சர்டிபிகேட்டோடு மனு கொடுத்தால் பர்மனென்ட் செய்வார்கள், இதுதான் கடைசித் தடவை, இனி விளையாட்டுக்கு ஆள் எடுப்பதில்லை. கடைசித் தேதியைத் தவிர இவ்வளவும் யாரோ சீலனுக்குச் சொல்லிவிட்டார்கள். அவன் ஓடிப்போய் டைம் ஆபீஸ் நஞ்சப்பா சாரிடம் கேட்டிருக்கிறான். நஞ்சப்பா சார் நல்ல மனுஷர், நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர்.

அன்று சாயங்காலம் நான் அறைக்குப் போனபோது சீலன் லைட் போடாமல் உட்கார்ந்திருந்தான்.

"இன்னாடா?"

"முடிஞ்சிபோச்சு மச்சா. கடைசித் தேதி போன மாசமே போயிடுச்சாம். நாங்க கேரளாவுல பந்து புடிச்சிகினு இருந்தோமே, அப்ப."

"யாரு சொன்னது?"

"நஞ்சப்பா சாரு. லாஸ்ட் டேட் என்னா சார்னு கேட்டேன். முந்தின திங்களு, கொனே தின அப்படின்னாரு. முந்தின மாசம் கடைசி நாளு. அதுக்குள்ள போன் அடிச்சது, எடுத்துகினு பேச ஆரம்பிச்சிட்டாரு. நான் வந்துட்டேன்."

திங்களு என்றால் மாதம், கொனே தின என்றால் கடைசி நாள். இது இரண்டும் எங்களுக்குத் தெரியும், கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டவை. முந்தின என்பதைக் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? அது எங்கள் வீட்டுச் சொல். தெரியாத சொல்லாக இருந்திருந்தால் யாரிடமாவது கேட்டிருப்போம். தெரிந்த சொல்லுக்கு அர்த்தம் கேட்டுக்கொண்டு யார் அலைவார்கள்? நடக்கக்கூடிய காரியமாகவும் இருந்தது. ஆள் ஊரில் இல்லாத மாதமாகப் பார்த்துத் தேதி வைப்பார்கள் ஆபீஸ்காரர்கள் என்றால் எங்களுக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

"பிலோமி அக்காகிட்ட சொல்லிப் பாக்கலாமா?" என்றேன்.

"சொல்லி? போன தேதிய அக்கா போர்டுலதான் எழுதும்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். பிறகு, யாரும் பரிதாபமாகப் பார்க்க வேண்டாம், ஊருக்குப் போகிறேன் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன் என்றான்.

மறுநாள் நான் ஒரு காரியம் செய்தேன். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. நஞ்சப்பா சாரிடம் போய், ஊரில் இல்லாத பையன், கொஞ்சம் தள்ளிக் கொடுங்கள் சார் என்று கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன். கன்னடத்தில் எப்படிச் சொல்வது என்று ஒவ்வொரு சொல்லாகக் கோத்துக்கொண்டே நடந்தேன். கையில் ஒரு காரணம் வேண்டுமே என்று டீயும் எடுத்துக்கொண்டேன். அவர் நிமிர்ந்து, "ஏனப்பா?" என்றார். கோத்ததெல்லாம் வாசலிலேயே உதிர்ந்துவிட்டது.

"டீ சார். பேக்கா?"

"பேடா."

திரும்பி வந்து அந்த டீயை நானே குடித்தேன்.

அவன் கடைசியாக ஆடிய ஆட்டம் ஒரு சனிக்கிழமை. லீக்கில் முன்னால் இருந்த டீம் ஒன்றோடு. வழக்கம்போல் முட்டைக்கு முட்டையாகப் போய்க்கொண்டிருந்தது. முடியப் போகும் நேரத்தில் அவர்களுக்கு ஒரு பெனால்ட்டி கிடைத்தது. கோல்கீப்பர்கள் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ பாய்வார்கள், உங்களுக்கே தெரியும். சீலன் பாயவில்லை. கைகளைக்கூட விரிக்கவில்லை. நடுவில் மரம் மாதிரி நின்றான். அவன் எங்கே பாயப்போகிறான் என்று பார்த்துப் பார்த்துக் குழம்பிய அந்த ஆள் நேராக அடித்தார். பந்து சீலன் நெஞ்சில் வந்து விழுந்தது, கட்டிப்பிடித்துக்கொண்டான். முனிரத்தினம் என் முதுகில் அறைந்த அறை இன்னும் வலிக்கிறது. பக்கத்தில் பிலோமி அக்கா எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டார்.

"இத எழுதறேன்டா. அடுத்த வருசம் இதே நாள்ல மொத வரி இதுதான். அசையாமப் புடிச்ச பெனால்ட்டி. இந்த டீமுல இதுவரைக்கும் கெடையாது."

பஸ்ஸில் திரும்பும்போது நான் மெதுவாகக் கேட்டேன், எப்படிடா அப்படி நின்றாய் என்று. சீலன் ஜன்னல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்தப் பக்கம் போறதுன்னு தெரியலடா. நின்னுட்டேன்."

அந்த வாரமே போய்விட்டான். கோச் அவனுக்கு வேறு டீமில் நல்ல இடம் கிடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கோபமாக இருந்தார். ஸ்டைபண்டில் இருந்த மற்றவர்கள் கேரளாப் பையன்கள், நோட்டீஸை இங்கிலீஷில் படித்துச் சத்தமில்லாமல் மனு கொடுத்துவிட்டு, சீலனும் கொடுத்திருப்பான் என்று இருந்திருக்கிறார்கள். அறை வாடகைக்கு வேறு ஒருவன் வந்தான். அவன் சமைக்க மாட்டான், தூக்கத்தில் பேசுவான்.

அடுத்த மாதத்தின் கடைசி நாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து நான் மேஜை துடைத்துக்கொண்டிருந்தேன். நஞ்சப்பா சார் கேன்டீனுக்குள் வந்தார். அவர் சாப்பாடு வீட்டிலிருந்து கொண்டுவருகிறவர், உள்ளே வந்து நாங்கள் பார்த்ததே இல்லை.

"ஏனப்பா, ஆ கோல்கீப்பர் எல்லி?" என்றார். "இவத்து கொனே தின. அவன அர்ஜி பந்தில்லா."

கோல்கீப்பர் எங்கே, இன்றைக்குக் கடைசி நாள், அவன் மனு வரவில்லை. எனக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதியை நம்ப முடியவில்லை. அக்காவிடம் ஓடினேன்.

"அக்கா, கடைசித் தேதி முந்தின மாசம்தானே? போயிடுச்சே? சீலன்கிட்ட இவருதான் சொன்னாரு."

அக்கா கன்னடத்தில் அவரிடம் கேட்டார். அவர், "ஹௌது, நானே ஹேளிதே, முந்தின திங்களு அந்தா" என்றார். ஆமாம், நான்தான் சொன்னேன் என்று. அக்கா ஒரு நிமிஷம் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையிலிருந்த கூப்பன் கட்டை மேஜைமேல் வைத்தார்.

"டேய், முந்தினன்னா அடுத்ததுடா. கன்னடத்துல அடுத்ததுடா. ஐயோ, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியேடா பாவிங்களா."

அதை அக்கா நஞ்சப்பா சாருக்குச் சொன்னபோது அவர் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "நனகே கொத்தாகலில்லா" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். எனக்குத் தெரியவில்லையே, எனக்குத் தெரியவில்லையே என்று. அவருக்கு எப்படித் தெரியும்? அவருடைய வீட்டுச் சொல் அது.

மனுவில் அவனுக்குப் பதில் தானே கையெழுத்துப் போடட்டுமா என்று அக்கா கேட்டுப் பார்த்தார். நஞ்சப்பா சார் அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் ஸ்கூல் சர்டிபிகேட் வேண்டும். அது சீலனிடம்தான் இருக்கும். அஞ்சு மணி வரை வைத்திருக்கிறேன், கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

நானும் அக்காவும் ஹோசூர் ரோட்டைத் தாண்டி எதிரே இருந்த எஸ்டிடி பூத்துக்கு ஓடினோம். தங்கவயலில் அவன் வீட்டுக்கு அடுத்த கடை நம்பர் என்னிடம் இருந்தது. அவன் அம்மாவைக் கூப்பிட்டு வரச் சொல்லிக் கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டு பேரும் நெருக்கிக்கொண்டு நின்றோம். வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அக்காதான் ரிசீவரைப் பிடித்திருந்தார். அந்தம்மாவின் குரல் எனக்கும் கேட்டது.

"அவன் மாமன்கூடப் பூனா போயிட்டான்மா. எடம் இன்னும் சரியா தெரியல. போய்ச் சேர்ந்துட்டேன்னு ஒருவாட்டி போன் பண்ணான். என்னாம்மா விசயம்? எதுனா நல்ல சேதியா?"

அக்கா வாயைத் திறந்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணுமில்லம்மா. புள்ள நல்லா இருக்கானான்னு கேக்கத்தான் பண்ணேன்."

ரிசீவரை வைத்துவிட்டு அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தேதி இன்னையோட போயிடுது. வெறும் அர்த்தத்த மட்டும் கொண்டுபோய் அவன்கிட்ட குடுத்து என்னடா ஆவப்போவுது? ஊர்ல இல்லாததால போச்சுன்னு நெனச்சிகினு இருக்கான். அப்படியே இருக்கட்டும்" என்றார். நஞ்சப்பா சார் அஞ்சு மணிக்கு மேலும் ஆபீஸை மூடாமல் உட்கார்ந்திருந்ததாகப் பிறகு வாட்ச்மேன் சொன்னார்.

அடுத்த வருஷம் அந்தச் சனிக்கிழமைத் தேதி வந்தபோது டீம் கலைந்திருந்தது. கேன்டீனையும் கான்ட்ராக்டுக்கு விட்டுவிட்டார்கள். கான்ட்ராக்டர் முதலில் கழற்றியது கரும்பலகையைத்தான், அந்த இடத்தில் ஒரு கூல்டிரிங்க் விளம்பரம் வந்தது. அசையாமல் பிடித்த பெனால்ட்டி எங்கும் ஏறவில்லை. விவேக் நகரில் கோவில் வாசலில் எப்போதாவது அக்காவைப் பார்த்தால், "பூனாக்காரன் பேசினானா?" என்று மட்டும் கேட்பார்.

பேசினான். சில வருஷம் கழித்து அவனே என்னைத் தேடிப் பிடித்தான். ஒரு ஸ்கூலில் பஸ் ஓட்டுகிறான், சாயங்காலம் அங்கே பிள்ளைகளுக்குக் கோல்கீப்பிங் சொல்லித் தருகிறான். பேச்சு அந்த நாட்களுக்குப் போனால், "அந்தக் கேரளா டோர்னமென்ட்டுக்கு மட்டும் போவாம இருந்திருந்தா" என்பான். நான் ம் என்பேன். என்னிடம் எதிர்பார்க்கிற பேச்சே அவ்வளவுதான் என்பதால் அவனுக்குச் சந்தேகம் வந்ததில்லை.

இப்போது அவனுக்கு நான் எதைக் காட்டுவது? ஃபேக்டரி இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம், கிரவுண்டு இருந்த இடத்தில் பூமிக்கு அடியில் கார்கள் நிற்கின்றன. எஸ்டிடி பூத் இருந்த சுவரும் இல்லை, ரோட்டையே அகலப்படுத்திவிட்டார்கள். நஞ்சப்பா சார் ரிட்டயர் ஆகித் துமகூர்ப் பக்கம் போனவர் என்ன ஆனார் தெரியாது. முனிரத்தினம் இல்லை. பிலோமி அக்கா ஹோசூர் ரோட்டுக் கல்லறைத் தோட்டத்தில், கணவருக்குப் பக்கத்தில். தங்கச் சுரங்கத்தையும் மூடி எத்தனையோ காலமாகிவிட்டது. எல்லாம் போய்விட்டன. அந்த ஒரு சொல் மட்டும் போகவில்லை, ஒவ்வொரு தடவை கதவு மூடும்போதும் புதிதாகச் சொல்கிறார்கள்.

மெட்ரோ வேண்டாம், ஆட்டோவில் போகலாமே என்று நேற்றுமுன்தினம் போனில் சொல்லிப் பார்த்தேன். "இன்னாடா, உயரம்னா பயமா?" என்று சிரித்தான். எப்போது டிக்கெட் என்று கேட்டேன். "அதெல்லாம் முந்தின மாசமே போட்டாச்சு" என்றான். தமிழில்தான் சொன்னான். நான் போனை வைத்துவிட்டேன்.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். கதவு மூடுகிற நேரம் பார்த்து நான் சத்தமாகப் பேச்சை ஆரம்பித்துவிட வேண்டும், அந்தக் குரல் அவன் காதில் விழாதபடி. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன். பேச என்னிடம் என்ன இருக்கிறது? அக்காவின் பலகைதான் இருக்கிறது. இதே நாளில் ரெஃப்ரீ முதுகு கோல் போட்டது. இதே நாளில் மழை, நிற்கும்வரை நாம் தோற்கவில்லை. தேதி சரியா என்று சரிபார்க்க இப்போது யாரும் இல்லை. கண்ணாடிக் கட்டடம் வரும்போது, இதே நாளில் சீலன் அசையாமல் நின்று பெனால்ட்டி பிடித்தான் என்று சொல்லிவிடலாம்.

நேற்று தனியாக ஏறி ஒத்திகை பார்த்தேன். கதவு மூடியது. இதே நாளில் என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். எதிரே இருந்த பெண் போனிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டேன். முந்தின நில்தாண என்றது ரயில். நான் வழக்கம்போல் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.